திப்ருகர் – திருச்சி, பத்து நகக்கண்

அஸ்ஸாமில் இருக்கிற திப்ருகர் ஏரோட்ரோமிலிருந்து நம்ம திருச்சி ஏரோட்ரோமுக்கு எவ்வளவு தூரம், வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், உங்களுக்குத் தெரியுமா?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் செல்லமுத்துவுக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

தங்கச்சி மகள் சந்தியாவுக்கு மறுநாள் காலையில் கல்யாணம். ஆவணியின் கடைசி முகூர்த்தம். விட்டால் ஐப்பசிதான், அதற்குள் மாப்பிள்ளைக்கு லீவு முடிந்துவிடும். களமருதூர்க்காரரான மாப்பிள்ளை இளவரசன் அஸ்ஸாமில் டீ எஸ்டேட் குமாஸ்தா. பிளேனில் வந்துவிடுவதாக எழுதியிருந்தார். இன்னும் ஆளைக் காணோம். இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுச் சாலை மறியல், பஸ்ஸும் ஓடவில்லை.

"பிளேன்ல வர எம்மாம் நேரம்ணே ஆவும்?" என்று கேட்டாள் தங்கச்சி பச்சையம்மாள்.

செல்லமுத்து பள்ளிக்கூடத்து இந்தியா மேப்பை வாங்கி வந்து சுவரில் மாட்டினார். பூ கட்டுகிற நாரை வைத்து அளந்து, அந்த நீளத்தை நகக்கண்ணால் எண்ணினார்.

"மெட்ராசுக்கு ஒரு நகக்கண்ணு. பஸ்ஸுல ஆறு மணி நேரம். திப்ருகருக்குப் பத்து நகக்கண்ணு, அறுபது மணி நேரம். பிளேனு பஸ்ஸவிட பத்து மடங்கு ஸ்பீடு. ஆக, அதே ஆறு மணி நேரம்."

"சாப்பாட்டுக்கு எங்க நிக்கும்?" என்றார் மச்சான் கந்தசாமி.

"கடலு மேல ஓட்டல் ஏது மச்சான்? அதுல அரை மணி கம்மி பண்ணிக்க."

"வழியில மரத்த வெட்டிப் போட்டுட்டா?"

"ஆகாசத்துல ஏது புளியமரம்? சும்மா இரு."

காலையில் பிளேன் ஏறியிருந்தால் சாயங்காலம் மாப்பிள்ளை திருச்சியில் இறங்கிவிடுவார் என்று முடிவானது. சமையல்காரர்களைக் கூட்டிவர வைத்திருந்த ஜீப், சடையன் ஓட்ட, திருச்சிக்குக் கிளம்பியது.

போன பிறகு கம்பவுண்டர் தங்கதுரை வந்தார். "திருச்சிக்கு நேரா பிளேன் இல்லீங்களே. கல்கத்தாவுல மாறி மெட்ராசுலதான எறங்கணும்?"

"அதத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் செல்லமுத்து. மேளக்காரர்களை ஏற்றிவர வேண்டிய வேன் மெட்ராசுக்குப் போனது.

பச்சையம்மாள் காலியான கோட்டை அடுப்பைப் பார்த்தாள். "சமைக்கவும் ஆளில்ல, மேளமும் இல்ல. மாப்ள மட்டும் வந்து இன்னாண்ணே பண்ணுவாரு?"

"மொதல்ல வரட்டும். இந்நேரம் பிளேனு எறங்கியிருக்கும். உளுந்தூர்பேட்டைல டீ குடிச்சிக்கினு இருப்பாரு பாரு."

பொழுது சாயும்போது சடையன் வந்தான். இரவல் சைக்கிளில் வந்தான்.

"ஜீப்பு எங்கடா?"

"தியாகதுருகத்தத் தாண்டலீங்க. மறிச்சிட்டாங்க. பின்னால வந்த வேனும் அங்கதான் நிக்குது."

"கல்யாண வண்டின்னு சொல்றதுதான?"

"சொன்னேங்க. மாப்ளைய இட்டார போறோம்னேன். ரோட்டுல மொத ஆளா குந்திக்கினு இருந்தவரு எழுந்து வந்து, 'நாந்தாம்பா அந்த மாப்ள, ரயில்ல வந்து நாலு நாளாச்சி, வூட்டுக்குக்கூட போவாம இங்கதான் இருக்கேன், பிளேன்னு எழுதுனது ஒரு கெத்துக்கு'ன்னாரு."

செல்லமுத்துவின் கையிலிருந்த நார் கீழே விழுந்தது. "அப்புறமாச்சும் வண்டிய வுட்டாரா?"

"இல்லீங்க. மாமனார் வூட்டு வண்டின்னு ஒண்ண வுட்டா மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்களாம். பொண்ண அங்கயே இட்டாரச் சொன்னாரு."

மறுநாள் காலை, தியாகதுருகம் ரோட்டில், வெட்டிப் போட்ட புளியமரத்துக்குப் பக்கத்தில் சந்தியாவுக்குக் கல்யாணம் நடந்தது.