வலது கீழ் மூலை

உலகின் மாபெரும் ஓவியர்கள் எல்லோரும் ஒரே ஒரு தவறைச் செய்திருக்கிறார்கள். வரைந்துவிட்டார்கள். அவசரப்பட்டு வரைந்து, கீழே கையொப்பமும் போட்டார்கள். அதோடு அவர்களுடைய வளர்ச்சி நின்றுபோனது. அந்தத் தவறைச் செய்யாத ஒரே ஓவியர் என் தந்தையார். அவரோடு ஒரே வீட்டில் வாழும் பேறு எனக்கும் என் அம்மாவுக்கும் வாய்த்திருக்கிறது. நாங்கள் விண்ணப்பித்துப் பெற்ற பேறு அல்ல, தானாக அமைந்தது.

ஆரம்ப காலத்தில் அவரும் சராசரி மனிதராகத்தான் இருந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். அவர் செருப்பு வரைந்தால் அது செருப்பு மாதிரியே இருக்கும். மூக்குக் கண்ணாடி வரைந்தால் போட்டுப் பார்க்கத் தோன்றும். இந்தக் குறையைப் பின்னாளில் அவர் அரும்பாடுபட்டுக் களைந்துகொண்டார்.

திருப்பம், 'உள்ளே உறங்கும் கலைஞனை எழுப்புதல்' என்ற மூன்று நாள் பயிலரங்கில் நேர்ந்தது. காதில் மைக் மாட்டிய ஒரு பயிற்சியாளர் மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தபடி, "எதையும் முடிவிலிருந்து தொடங்குங்கள்" என்றாராம். அறுபது பேர் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். தந்தையார் ஒருவர்தான் அதை நிறைவேற்றுவது என்று முடிவு செய்தார். ஓவியத்தின் முடிவு எது? கையொப்பம். ஆகவே முதலில் கையொப்பம். அது சரியாக அமைந்துவிட்டால் ஓவியம் அதற்கு மேலே தானாக முளைக்கும்.

அன்றிலிருந்து அவர் வேறெதுவும் வரையவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து ஜன்னலருகே நிற்பார். இது 'உள்வாங்கல்'. ஏழு முதல் எட்டு வரை மணிக்கட்டைச் சுழற்றுவார். எட்டரைக்கு, உள்வாங்கியது செரிமானமாவதற்காகப் படுப்பார். பத்து மணிக்குப் பயிற்சித்தாளில் கையொப்பம். முதல் எழுத்தின் வளைவுக்கு மட்டும் ஐந்து மாதங்கள் எடுத்துக்கொண்டார். கடைசி எழுத்திலிருந்து கீழே இறங்கும் ஒரு வால் உண்டு. அது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. ஓரளவு திருப்தி வந்தால், வெள்ளைக் கேன்வாஸின் வலது கீழ் மூலையில் அதைப் போடுவார். பிறகு மேலே இருக்கும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு மாலை வரை காத்திருப்பார். எதுவும் முளைக்காது. "இன்னும் பக்குவம் வரல" என்று சுவரோரம் சாய்த்துவிடுவார்.

இந்த வளர்ச்சிக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. உட்காரச் சொல்லும்வரை புத்தகத்தைப் பிடித்தபடி நிற்பேன். பள்ளி இதை ஒரு குறையாகப் பார்த்தது. தந்தையார்தான் இதில் ஒரு தகுதியைக் கண்டார்.

"வாயத் திறக்காத ஆள்தான் கலைக்கு வேணும். ஒரு வாரம் லீவு போடும்மா, போதும்" என்றார்.

அந்த ஒரு வாரம் சென்ற மாதம் இரண்டாண்டை நிறைவு செய்தது. இடையில் பள்ளியில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். "இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம்கூடப் பொறுமையில்ல" என்று தந்தையார் மிகவும் வருந்தினார்.

கேன்வாஸுக்கு மூன்று தடவை வெள்ளை பூசுவது, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மை கலக்குவது, பயிற்சித்தாள்களுக்கு எண் போட்டு அடுக்குவது ஆகியவை என் பணிகள். என் அறை 'படைப்பகம்' ஆனது. என் படுக்கை ஹாலில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்தது. எண் பதினான்காயிரத்தைத் தாண்டியபோது, அந்தக் கையொப்பத்தின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தூக்கத்திலும் தெரிந்தது.

அம்மா ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறார். நாள் முழுக்க வாய் திறந்திருப்பவர்களைப் பார்ப்பதால், வீட்டில் வாயை மூட மாட்டார். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார். வீட்டிலிருந்தே படித்துப் பத்தாவது தேர்வு எழுதலாமாம். கடைசியாகப் படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். "இந்த வருஷம் விட்டா பாடமெல்லாம் மாறிடுமாம். அப்புறம் மறுபடி ஒன்பதாவதுல இருந்துதான்" என்றார். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஓரிடம்தான் பாக்கி. 'தந்தை உயிருடன் இருப்பின் தந்தையே கையொப்பமிட வேண்டும்.'

அம்மா அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். பிறகு, ஜன்னலருகே உள்வாங்கிக்கொண்டிருந்த தந்தையாரைச் சற்று நேரம் யோசனையோடு பார்த்தார்.

எங்கள் வீட்டில் எதையும் ஞாயிற்றுக்கிழமை 'வளர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில்' வைத்துத்தான் பேச முடியும். தலைவர் தந்தையார். உறுப்பினர் அம்மா. குறிப்பெடுப்பவர் நான். சிறப்பு அழைப்பாளராக ஃபிரேம் கடைக்காரர் வருவார். வெள்ளைக் கேன்வாஸ்களுக்குச் சட்டம் போடுபவர் அவர்தான். வியாழக்கிழமை ஒரு காட்சிக்கூடத்தில் தந்தையாரின் முதல் கண்காட்சி. முப்பது படைப்புகள் வேண்டும், பத்தொன்பது தயார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் சார். எது மேல, எது கீழ?" என்றார் ஃபிரேம் கடைக்காரர்.

"கையெழுத்து இருக்கிற பக்கம் கீழ."

"நல்லவேளை, அதையாவது போட்டீங்க. இல்லன்னா தலைகீழா மாட்டி உங்க மானத்த வாங்கியிருப்பேன்."

நான்காவது பொருளாக என் விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

"ஏங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் அம்மா.

தந்தையார் தாளைக் கையில் வாங்கவில்லை. எட்ட நின்று கண்ணாலேயே அளந்தார். "முடியாது. என் கையொப்பம் இன்னும் முடியல. பாதியில இருக்கிற படைப்ப வெளிய விடக்கூடாது."

"போன மாசம் கூரியர்காரர்கிட்ட போட்டீங்களே?"

"போடல. கைநாட்டு வச்சேன்."

ஃபிரேம் கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"சரி, இதுலயும் கைநாட்டே வைங்க."

தந்தையார் விண்ணப்பத்தின் அடிக்குறிப்பைச் சுட்டிக்காட்டினார். 'எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கைநாட்டு வைக்கக் கூடாது.' எதைப் படிக்கிறாரோ இல்லையோ, அடிக்குறிப்பைப் படித்துவிடுவார்.

"நான் வேணும்னேவா மாட்டேங்குறேன்? பெத்த புள்ளைக்கே ஆனாலும், ஃபாரத்துல போட்டா அது படைப்பு இல்ல, வெறும் சம்மதம். நாளைக்கு என் வாழ்க்கை வரலாறு எழுதுறவன் என்ன நினைப்பான்?"

"அதுல எழுத என்ன இருக்கு?" என்றார் அம்மா.

'உறுப்பினரின் கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டேன். அடுத்த கூட்டம், விண்ணப்பத்தின் கடைசி நாள் போய் இரண்டு நாள் கழித்து.

திங்கட்கிழமை ஒரு பேரிடர். அந்த வாலை இன்னும் ஓர் அங்குலம் இறக்கும் முயற்சியில் தந்தையாரின் கட்டைவிரல் சுளுக்கிக்கொண்டது. கலைக்காக ரத்தம் சிந்தியவர்கள் உண்டு; சுளுக்கிக்கொண்டவர் இவர்தான். மருத்துவர் துணி சுற்றி, "ஒரு வாரம் எழுத வேண்டாம். என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். தந்தையார் விளக்கினார். மருத்துவர் நாடியைப் பிடித்து மறுபடி ஒருமுறை பார்த்தார்.

பதினொரு கேன்வாஸ்கள் மீதமிருந்தன. தந்தையார் படைப்பகத்தின் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பேனாவைக் கொடுத்தார்.

"நீ போடு. நான் பக்கத்துல நிக்கிறேன். நிக்கிறதுதான் முக்கியம்."

போட்டேன். ஆட்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். கேன்வாஸைப் பார்த்தால் இல்லை. வால் மட்டும் எனக்கு நீளமாகப் பட்டது. கொஞ்சம் சுருக்கி, நுனியில் லேசாக மேலே திருப்பினேன். தந்தையார் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பாத்தியா? இப்பதான் எனக்கு வருது" என்றார்.

வியாழன் மாலை கண்காட்சி திறக்கப்பட்டது. முப்பது வெள்ளைச் சதுரங்கள், முப்பது மூலைகள். வந்தவர்கள் எல்லோரும் நேரே போய் வலது பக்கம் குனிந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், கூட்டமாகச் சேர்ந்து தொலைந்துபோன காதணியைத் தேடுவது போலிருந்தது. காட்சிக்கூடப் பொறுப்பாளரான அம்மையார், கழுத்தில் மணி மணியாய் ஏதோ தொங்க, ஒவ்வொன்றின் முன்னும் கண்ணை மூடித் திறந்தார். இருபதாவது கேன்வாஸ் முன் நின்றுவிட்டார்.

"சார், இது வேற! முதல் பத்தொன்பதுல ஒரு மனுஷன் தேடிக்கிட்டு இருக்கான். இந்தப் பதினொண்ணுலதான் கண்டுபிடிச்சிருக்கான். இந்த வாலைப் பாருங்க, அடக்கம்! என்ன நடந்துச்சு உங்களுக்கு?"

தந்தையார் துணி சுற்றிய கட்டைவிரலை மெல்ல உயர்த்திக் காட்டினார். "வலி" என்றார்.

மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இதுதான் நல்ல சமயம் என்று அம்மா என்னை முன்னே தள்ளினார். விண்ணப்பத்தை நீட்டினேன். தந்தையார் சுற்றிலும் பார்த்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல் குரலை மட்டும் தாழ்த்தினார்.

"இங்கயா? விரல் வேற இப்படி இருக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். தேர்வு எங்க ஓடிப்போகுது?"

"அப்போ அவளே உங்க கையெழுத்தப் போட்டுக்கட்டும்" என்றார் அம்மா.

தந்தையாரின் முகத்தில் நேர்மை சிவந்தது. "என்ன பேச்சு இது? அப்பா கையெழுத்தப் பொண்ணு போடுறதா? அதுக்குப் பேரு மோசடி!"

"சுவத்துல மாட்டியிருக்கே பதினொண்ணு, அது?"

"அது உதவியாளர் பணி."

கலையில் இப்படிப்பட்ட நுட்பமான வேறுபாடுகள் உண்டு. பாமரர்களுக்கு அவை பிடிபடுவதில்லை. அம்மா பாமரர். வெளியே படிக்கட்டில் என்னை உட்காரவைத்து, கைப்பையிலிருந்து மருத்துவமனைப் பேனாவை எடுத்தார்.

"பதினொண்ணு போட்டல்ல? பன்னெண்டாவதப் போடு."

"மோசடிங்கிறாரே?"

"சுவத்துல இருக்கிறத முதல்ல அவர் திருப்பி வாங்கட்டும், அப்புறம் இத நாமளும் திருப்பி வாங்கிக்கலாம். போடுடி."

மடியில் வைத்துப் போட்டேன். அளவில் சிறியது. ஆனால் என் படைப்புகளில் அதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகப் போனேன். இரண்டு ஆண்டுகளில் பள்ளி அலுவலகத்தின் கவுண்ட்டர் உயரம் குறைந்திருந்தது. எழுத்தர் அம்மாள் விண்ணப்பத்தைப் புரட்டினார். பிறகு அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, ஒரு தாளைத் திறந்து, இரண்டு கையொப்பங்களையும் அருகருகே வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ரெண்டும் ஒரே ஆளோடதா? ஒத்துப்போகலையே."

எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர். வழக்கமாக இந்த இடத்தில் எனக்குக் குரல் வராது. தாளைப் பிடித்தபடி நிற்பதுதான் வழக்கம். எழுத்தர் அம்மாள் என்னையே பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, "சீக்கிரம் சொல்லும்மா" என்றார்.

"எங்கப்பா ஓவியர். ரெண்டு வருஷத்துல ரொம்ப வளந்துட்டாரு" என்றேன்.

அறை முழுவதற்கும் கேட்டிருக்க வேண்டும். எழுத்தர் அம்மாள் கையொப்பத்தை இன்னொரு தரம் பார்த்தார். "ஆமா, அழகாத்தான் இருக்கு" என்று முத்திரையைக் குத்தினார். ரசீது எழுத அவர் திரும்பிய இடைவெளியில், திறந்திருந்த பழைய தாளை நான் தலைகீழாக வாசித்தேன்.

என் பெயரைப் பள்ளியிலிருந்து நீக்கக் கேட்டு எழுதிய கடிதம். 'என் மகளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லாதபடியால்' என்று தொடங்கியது. தேதி, நான் அந்த ஒரு வார லீவு தொடங்கிய திங்கட்கிழமை. அடியில் தந்தையாரின் கையொப்பம். பயிற்சித்தாள் இல்லை, மணிக்கட்டைச் சுழற்றவில்லை, பக்குவத்துக்குக் காத்திருக்கவில்லை. பேனாவை எடுத்து ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார்.

என் தந்தையார் எதையும் முடித்ததில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இத்தனை ஆண்டுகளில் அவருடைய கையொப்பத்துக்கு மேலே வெற்றிடம் இல்லாத ஒரு படைப்பும் உண்டு. அதை நான் கண்ணால் பார்த்தேன். மேலே இருந்தது நான்தான்.