லென்ஸ்காரருக்குக் கிடைத்த பாராட்டு

லென்ஸ்காரர் அன்று மாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் தொழில். தினமும் கடைக்குத் தாமதமாகப் போவது உபதொழில்.

"இன்னிக்கு எல்லார் முன்னாலயும் மேனேஜர் என்னை ஹாபிச்சுவல்னு சொன்னாரு. நானும் தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டேன்."

வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் மனைவிக்குச் சந்தேகம் தட்டியது.

"முழுசா என்னங்க சொன்னாரு?"

"ஹாபிச்சுவல் லேட்கமர்."

"அடக் கடவுளே! அதுக்கா தேங்க்ஸ்? ஒரு நாள் லேட்டா போனா அது வெறும் லேட். யோசிக்காமலே தினமும் போனாத்தான் ஹாபிச்சுவல். எங்க ஆபீஸ்ல திருடனுக்குத்தான் அந்த வார்த்தையைப் போட்டு டைப் அடிப்போம்."

"நல்லவங்களுக்குப் போட மாட்டீங்களா?"

"நல்லவங்க கேஸ் எங்களுக்கு வராதே!"

புதுக் கிளைக்கு லென்ஸ்காரரைப் பொறுப்பாளராகப் போடுவதா வேண்டாமா என்று மாதக் கடைசியில்தான் முடிவு செய்யப்போகிறார்கள். உடனே பழியை நைசாக அந்தப் பக்கம் தள்ளினார்.

"நீ சாப்பாடு கட்டித் தர்றது லேட்டாகுது. அதான் நானும் லேட்."

"தாராளமா சீக்கிரம் கட்டறேன். காலையில சிங்க் நிறைய பாத்திரம் கிடக்கு. யாராவது தேய்ச்சுக் குடுத்தா உடனே குக்கரை வெச்சிடுவேன்."

"யாராவதுன்னா?"

"வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேருதானே?"

"இந்த ஒரு மாசம்தான்!" என்று கறாராக ஒப்புக்கொண்டார். பதவி வந்ததும் இந்த வேலையைக் கழற்றிவிட்டுவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

முதல் வாரம் சட்டை நனைந்தது. இரண்டு டம்ளர் நசுங்கின. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். போகப் போகத் தேய்த்துக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டார். கடை ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் போய் நின்றார். மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டார்.

மாதக் கடைசியில் புதுக் கிளை அவர் கைக்கு வந்தது. செய்தி கேட்டு மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான்.

மறுநாள் காலை சமையலறையில் நின்று பிரகடனம் செய்தார்.

"இந்தாம்மா, பேசினபடி மாசம் முடிஞ்சாச்சு. நான் இப்ப கிளைப் பொறுப்பாளர். இனிமே பாத்திரம் இருக்கற பக்கமே வர மாட்டேன். நான் ஒண்ணு முடிவு பண்ணா பண்ணதுதான்!"

மனைவி குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"சரிங்க. கையில தேய்ச்சுட்டு இருக்கற அந்தக் கரண்டியை மட்டும் அலசி வெச்சுட்டு நிறுத்திக்கோங்க."