பீரோவில் பூட்டிய ஜெர்மன்

சிதம்பரம் கீழ வீதியில் கம்ப்யூட்டர் கடை விரித்து, வைஃபை உலகுக்கே சக்கரவர்த்தியாக வீற்றிருக்கும் என் அக்காள் மகன் பாலகுமாருக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தாய்மாமன் சடையப்பன் ஆசீர்வாதம் பாதி, ஆத்திரம் மீதியாக எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை திலகவதியும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. போனில் திட்டினால் கட் பண்ணிவிடுவாய் என்பதால் தபாலில் திட்டுகிறேன்.

ஜெர்மனியில் இருக்கும் என் மகன் சித்தார்த் அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொள்ளப் போகிறான் என்பது உனக்குத் தெரியும். பெண்ணின் தாயார் ஹெல்கா அம்மாள் போன மாதம் வீடியோவில் வந்தார். நான் "வணக்கம் சம்மந்தி" என்று வாயைத் திறந்தேன். அந்த நொடியில் நெட் செத்தது. திறந்த வாயும் பிதுங்கிய கண்ணுமாக, சூரனை வதம் செய்யப் புறப்பட்டவன் போல நான் அவர்கள் திரையில் உறைந்து நின்றேனாம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று அந்த அம்மாள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். "அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம மறுபடி பேசுவாங்கப்பா, நீயே வாயால சம்மதம் சொன்னாத்தான் நம்புவாங்க" என்று மகன் அழாத குறை.

அதற்குத்தானே உன்னிடம் வந்தேன்? "ஒரு கொம்பு ரூட்டர் பத்தாது மாமா, நாலு கொம்பு வாங்குங்க" என்றாய். நாலு கொம்பு வந்தது. கொல்லைப்புறத்துப் பல்லிக்குக்கூட நெட் கிடைக்கவில்லை. பிறகு ஆறு கொம்பு அனுப்பினாய். அது ரூட்டரா, மல்லாந்து கிடக்கும் கரப்பான்பூச்சியா? அதுவும் பிணம். அதைப் பார்க்க நீ அனுப்பிய மெக்கானிக் என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினான்.

"யாராவது ரூட்டர இரும்பு பீரோவுல வெச்சுப் பூட்டுவாங்களா சார்?"

"நீ விக்கிற வெலைக்கு அத மாட்டுக் கொட்டாயிலயா வெப்பாங்க? இந்த ஊரு உப்புக் காத்துல ஜன்னல் கம்பியே பொடிப்பொடியா உதிருது. வயருக்கு ஓட்டை போட்டுத்தானே வெச்சிருக்கேன்?"

"பீரோவத் தொறந்தா நெட்டு வரும் சார்."

அவன் சொன்னது உண்மைதான் என்று வை. அதற்காக நகை, பட்டு இருக்கும் பீரோவைத் திறந்து போட்டுக்கொண்டு பாடம் படிக்க நான் என்ன திருடனுக்கு மச்சானா?

பாடம் என்றதும் நீ ஏற்றிக் கொடுத்த அந்த ஜெர்மன் ஆப் ஞாபகம் வந்து ரத்தம் கொதிக்கிறது. ஒரு அணில் பொம்மை வாத்தியாராம். "உங்க பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்ல ஆசைப்பட்டவனுக்கு அது கற்றுக்கொடுத்தது என்ன தெரியுமா? கரடி பால் குடிக்கிறது. என் ஆமைக்கு மஞ்சள் தொப்பி பிடிக்கும். நான் தொண்டை கிழியப் பதில் சொல்லும்போது நெட் போகும். தப்பு என்று மறுபடி முதல் பாடத்தில் தள்ளும். அந்தக் கரடி குடித்த பாலில் கடலூர் ஜில்லாவுக்கே காபி போட்டிருக்கலாம். ரெண்டு நாள் தொடாவிட்டால், "உங்களைக் காணாமல் அணில் அழுகிறது" என்று செய்தி வேறு. அழட்டும். நான் அழுதப்போ யார்றா வந்தா?

ஆகையால் இந்த வாரமே வந்து ரெண்டு ரூட்டரையும் தூக்கிக்கொண்டு போ. அணிலை என் போனிலிருந்து நாடு கடத்து. சம்மந்தியிடம் கையைக் கூப்பி நிற்பேன், புரிந்தால் புரியட்டும். உன் கடைக்குக் கூட்டமும் உனக்குப் புத்தியும் பெருக வாழ்த்தும்,

தாய்மாமன்
சடையப்பன்

பி.கு: இதைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிறும் வந்து, மேலே ஒரு வாரமும் ஓடிவிட்டது. ஹெல்கா அம்மாள் திரையில் வந்ததும் எனக்குக் கரடியைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. அதைத்தான் சொன்னேன். அந்த அம்மாள் முகம் வெளுத்தது. உன் அத்தை சட்டென்று போனைப் பிடுங்கி, பீரோவை அகலத் திறந்துவிட்டு, ஜெர்மனில் மடமடவென்று பேசினாள். புடவை மடிக்கிறேன் என்று தினமும் பீரோவைத் திறந்து வைத்து நின்றவள், தன் போனில் அதே அணிலிடம் முழுப் பாடமும் முடித்திருக்கிறாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தை மாதம் கல்யாணம்.

இப்போது ரெண்டு பேரும் தினம் பேசுகிறார்கள். நடுவில் "சடையப்பன்" என்று வரும், உடனே ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனவே மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. ரூட்டர் எதையும் தூக்க வேண்டாம், கூடத்துக்கு இன்னொன்று எட்டுக் கொம்பில் அனுப்பு. அணிலிடம் முதல் பாடத்திலிருந்து உட்காரப் போகிறேன். இவளுங்க என்னப் பத்தி என்னதான் பேசிக்கிறாளுங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் மாப்ளே.