கருப்பசாமி குறி சொன்ன மில் ஷேர்

ஷேரை எப்போது வாங்கலாம் என்று சொல்ல உலகத்தில் கோடிப் பேர் உண்டு. எப்போது விற்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள், மதுரையில் எங்கள் வக்கீல் ஆபீஸ் மூத்த குமாஸ்தா மப்ளர் அண்ணன்தான். அமெரிக்காவில் சந்தை கவிழ்ந்தபோது பெரிய பெரிய கோடீசுவரர்களே உச்சியில் நின்று முழித்தார்களாம். பாவம், அவர்கள் பக்கத்தில் மப்ளர் அண்ணன் இல்லை. ஆனால் சித்திரை வெயிலிலும் கழுத்தில் கம்பளி சுற்றுகிற மனிதரை யார் நம்புவார்கள்?

யுத்த காலம். மில் துணிக்கு ஏகக் கிராக்கி, மில் ஷேர் தினமும் ஏறியது. பெண்டாட்டி பிரசவத்துக்குப் போகும்போது பெட்டியில் வைத்துவிட்டுப் போன ஆறு தங்க வளையலையும் அடகு வைத்து நான் ஷேர் வாங்கினேன். விஷயம் தெரிந்தவர் அண்ணன் மட்டும்தான்.

"அண்ணே, வித்துரவா?" என்று தினமும் அவரை நச்சரிப்பேன்.

ஒருநாள் நாவிதர் எனக்கு ஒரு கன்னம் மட்டும் சிரைத்துவிட்டு ஷேர் விலை கேட்க ஓடிவிட்டார். அண்ணன் என் மறு கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "இன்னும் ஏறும் மாப்ள. வாங்காதவன் நெறைய இருக்கான்."

அடுத்து ஒரு கல்யாணம். தவில்காரர் நாயனக்காரரிடம் ஷேர் விலை பேசிக்கொண்டிருந்ததில் தாலி கட்டும்போது கெட்டி மேளமே கொட்டவில்லை. "கொஞ்சந்தான் பாக்கி" என்றார் அண்ணன்.

பங்குனியில் ஆனையூர்ப் பக்கம் கருப்பசாமி கோயிலுக்குக் கெடா வெட்டுக்குப் போனோம். அரிவாளோடு ஆடிய சாமியாடி என் நெற்றியில் திருநீற்றை அப்பி முழங்கினார்: "மகனே, மில் ஷேர விட்றாத! இன்னும் ரெண்டு மடங்கு ஏறும்டா!" கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அண்ணன் கறிச்சோற்றுப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்தார். அப்படி அவர் எழுந்து நான் பார்த்ததே கிடையாது.

"கெளம்பு மாப்ள. காலையில மொத வேலையா வித்துரு. சாமி வரைக்கும் சேதி போயிருச்சு, இனிமே வாங்க ஆரு இருக்கா?"

"கருப்பு கோவிச்சுக்குமேண்ணே!"

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். உன் பெண்டாட்டிகிட்ட நீ பேசிருவியா?"

மறுநாள் காலை தரகரிடம் அத்தனையையும் விற்று வளையலை மீட்டேன். பத்து நாள் ஷேர் இன்னும் ஏறியது. ஆபீஸே என்னைப் பார்த்துச் சிரித்தது. பதினோராம் நாள் சரிந்தது பாருங்கள், தரகர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார்! நான் மாசி வீதி நாலையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றி வந்தேன்.

அல்வாப் பொட்டலத்தோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். "நீங்க எம்புட்டுக்குண்ணே வித்தீங்க?"

"நான் எங்கடா வாங்குனேன்? நீ வளையல அடகு வச்சுட்டு வந்து நின்னியே, அன்னையிலருந்து எனக்குத்தான் தூக்கமே இல்ல."

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அன்றிலிருந்து, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், ஒருத்தர் என்றுதான் சொல்கிறேன்.