மச்சானந்தரின் மீன் ஓரை

இல்ஃபோர்டில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே போகும் ஒடுங்கிய படிக்கட்டில் சனிக்கிழமைகளில் கால் வைக்க இடமிருக்காது. வரிசையின் வால் பஸ் தரிப்பிடம் வரைக்கும் நீளும். பஸ்சுக்கு நின்ற ஓர் ஆங்கிலேயப் பெண், மேலே ஏதும் மலிவு விற்பனையா என்று கேட்டாளாம். மலிவாக ஒன்றும் இல்லை. மேலே மச்சானந்தர் இருந்தார்.

மச்சானந்தர் மீனுக்கான சுவாமி. கலியாணத்துக்கு நாள் குறிக்க, வீடு வாங்க, விசா கிடைக்க என்று லண்டனில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவாமி ஏற்கெனவே இருந்தார். தூண்டில்காரருக்கு மட்டும் ஆளில்லை. அந்தப் பெருங்குறையைத் தீர்க்கவே இவர் கடந்த ஐப்பசியில் பாரிஸிலிருந்து வந்து இறங்கினார். பாரிஸில் அவர் பெயர் சிவானந்தன், தொழில் தொலைபேசி அட்டை விற்பது. அட்டைக்கு மவுசு போனதும் கிரகங்களோடு நேரடியாகவே பேசத் தொடங்கிவிட்டார்.

அவரிடம் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று, உருவேற்றிய ஈயம். தூண்டில் நூலைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும் அதே ஈயக்குண்டுதான். கடையில் வாங்கினால் வெறும் ஈயம். இவரிடம் வாங்கினால் மஞ்சள் நூல் சுற்றியிருக்கும், கற்பூரம் மணக்கும். மற்றது, மீன் ஓரை. சனிக்கிழமை மாலையானால் வாட்ஸ்அப்பில் அவருடைய குரல் வரும். நாளைக்கு இன்ன மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் மீன் கடிக்கும் என்று சொல்லும். ஓரை முடிந்த பிறகும் தூண்டில் தண்ணீரில் கிடந்தால் வீட்டுக்குப் பீடை வரும் என்ற எச்சரிக்கையோடு முடியும்.

இந்தக் குரலுக்கு முதல் அடியார் வாமதேவன். பலசரக்குக் கடைக்காரர். வெளியில் போய்க் காற்று வாங்கு என்று டொக்டர் சொன்னதால் மீன் பிடிக்கத் தொடங்கியவர். வாரநாட்களில் மரக்கறி ஏற்றும் அவருடைய வான் வண்டியில் ஞாயிறுகளில் எட்டுப் பேர் ஏறி, தேம்ஸ் ஆறு கடலில் விழும் சவுத்எண்ட் கரைக்குப் போவார்கள். குறி, பாஸ் மீன். நம்முடைய கொடுவாய்க்குத் தம்பி முறை. எட்டுப் பேருக்கும் அனுபவம் என்று பார்த்தால் யூடியூப் மட்டும்தான். அவர்களில் ஒருவரான சுபாஸ்கரன் முதன்முதலில் தூண்டிலை வீசி எறிந்தபோது அகப்பட்டது வாமதேவனின் தொப்பி.

ஆனால் கார்த்திகையில் சுவாமி சொன்ன ஓரையில் போய் நின்றால் கடல் கரைமுட்டக் கிடந்தது. பாஸ் கடித்தது. மாரி முழுக்கச் சின்னச் சின்ன மீன்களாவது கிடைத்தன. படிக்கட்டில் வரிசை நீண்டது இப்படித்தான்.

மாசி மாதத்தில் அந்த வானில் வசந்தமலர் ஏறினார். இல்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். கணவர் தவறி இரண்டு வருடம். அதன் பிறகு கலியாண அழைப்பிதழ்கள் வருவது நின்றது. வந்தவையும் தயங்கித் தயங்கி வந்தன. கடற்கரையில் மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. தூண்டிலோடு நிற்கிறவர்கள் எல்லோரும் கடலைத்தான் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவரின் நெற்றியை அல்ல. ஞாயிற்றுக்கிழமைக்காகவே அவர் மற்ற ஆறு நாட்களையும் கடத்தினார்.

சித்திரை பிறந்தது. பாஸ் மீன்கள் திரும்பி வரும் காலம். மூன்று ஞாயிறு போனார்கள். மூன்று ஞாயிறும் கடல் வற்றி வெறும் சேறு. ஓரை முழுக்க நண்டுகள் கூட எட்டிப் பார்க்கவில்லை.

எட்டுப் பேரும் படியேறிப் போய் முறையிட்டார்கள். மச்சானந்தர் கண்ணை மூடினார், திறந்தார். "உங்கடை வானுக்குள்ளை ஒரு குறை இருக்கு. தாலி இழந்த ஒருத்தியின்ரை நிழல் தண்ணியிலை விழுது. மீன் விலகுது."

எட்டுப் பேருடைய தலைகளும் ஆடின. மூன்று வாரமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்பதுபோல் ஆடின.

செய்தியைச் சொல்ல வாமதேவன் மருந்துக்கடைக்கு வந்தார்.

"அக்கா, நான் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ…"

"நீர்தானே நிண்டு சொல்லுறீர்."

"சாமி சொல்லுறார். உங்கடை நிழல் தண்ணியிலை விழுதாம்."

"சவுத்எண்ட் கரை தெற்குப் பாத்தது, வாமதேவன். வெயில் எறிச்சால் நிழல் முதுகுக்குப் பின்னாலை றோட்டிலைதான் விழும். நீர் என்ன, றோட்டிலையோ மீன் பிடிக்கிறனீர்?"

வாமதேவன் இருமல் மருந்துகளைப் பார்த்தார். வசந்தமலரின் வாய் சிரித்தது. கை மட்டும் எண்ணிய மாத்திரைகளையே திரும்பவும் எண்ணிக்கொண்டிருந்தது.

"சரி. இந்த ஞாயிறு நான் வரேல்லை. சாமியின்ரை ஓரையிலை நீங்கள் போடுங்கோ. மீன் கடிச்சால் என்ரை தூண்டிலை உம்மட்டைத் தந்திட்டு விட்டிடுறன், பிறகு அந்தக் கரைப்பக்கமே வரமாட்டன். கடிக்காட்டில்?"

"கடிக்காட்டில் என்னக்கா?"

"குறை ஆரிலை எண்டு அப்ப கதைப்பம்."

அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதினார்: "சுவாமியின் ஓரையில் மீன் வராது. அது முடிந்து அடுத்த மணித்தியாலத்தில் வரும்." பதிலுக்குக் கும்பிடும் கைப்படங்கள் வந்து குவிந்தன. அவருக்காகப் பிரார்த்தித்தார்களா, அவரிடமிருந்து காக்கும்படி பிரார்த்தித்தார்களா என்பது தெரியவில்லை.

ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒன்பது வரை ஓரை. வசந்தமலர் இல்லாத வான் போய்ச் சேர்ந்தது. புழுக்களைத் தூண்டில் முள்ளில் கொளுவினார்கள். உருவேற்றிய ஈயங்கள் கற்பூர மணத்தோடு பறந்துபோய்ச் சேற்றில் பொத்தென்று புதைந்தன. கடல் எங்கோ தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது.

"அந்த மனிசி வரேல்லையே, பிறகேன்?" என்று ஒருவர் கேட்டார்.

"வானுக்குள்ளை சீற் இருக்கெல்லோ! அவ இருந்த சீற்," என்றார் சுபாஸ்கரன். அறிவு வேலை செய்ய மறுக்கும் இடத்தில் கற்பனை எவ்வளவு வேகமாக ஓடுகிறது!

ஒன்பது அடித்தது. தண்ணீர் அப்போதுதான் கரையை நோக்கி ஊர்ந்து வந்தது. பீடைக்குப் பயந்து எல்லோரும் நூலைச் சுற்றினார்கள். அதே நேரம் பக்கத்தில் மூன்று கார்கள் வந்து நின்றன. உள்ளூர்க்காரர்கள் தூண்டில்களை இறக்கினார்கள். ஓரை முடியட்டும் என்று பார்த்து ரயிலில் வந்த வசந்தமலரும் தூண்டிலும் கையுமாக நடந்து வந்து சேர்ந்தார்.

"போன மூண்டு கிழமையும் இதேதான் நடந்தது," என்றார் அவர். "நாங்கள் மூட்டை கட்டேக்கை இவையள் வந்து இறங்குவினம். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை."

"கதைக்க நேரமில்லை அக்கா, ஓரை முடிஞ்சுது. சுபாஸ், கெதியாச் சுத்தும்!" என்றார் வாமதேவன்.

"ஏலாதண்ணை! நூல் சிக்கிப் போச்சு!"

சுபாஸ்கரனின் நூல் சிக்காத ஞாயிறு கிடையாது. இந்தமுறை ரீலைச் சுற்றி ஒரு குருவிக்கூடே கட்டியிருந்தது. மற்றவர்கள் வானில் ஏறிவிட்டார்கள். தண்ணீர் அவருடைய ஈயத்தை மூடியது. பிறகு கரைக்கல்லைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் தடி வளைந்தது.

"பீடை! பீடை பிடிச்சு இழுக்குதண்ணை!"

"விடாமல் பிடியும்!" என்று வசந்தமலர் ஓடிப்போய் நூலைக் கையால் இழுத்தார். பீடை வெள்ளி நிறமாக இருந்தது. முதுகில் முள் இருந்தது. அளந்து பார்த்தார்கள். வைத்திருக்கச் சட்டம் கேட்கும் நீளத்துக்கு மேலே இரண்டு விரல் கூடவே இருந்தது.

வானிலிருந்து எல்லோரும் குதித்தார்கள். அடுத்த அரைமணி நேரத்தில் இன்னும் இரண்டு பாஸ் வந்தன. ஒன்று வாமதேவனுக்கு, ஒன்று வசந்தமலருக்கு.

"உருவேற்றின ஈயம்தான் வேலை செய்திருக்கு," என்றார் சுபாஸ்கரன், இன்னும் மூச்சு வாங்கியபடி.

"என்ரை தூண்டிலிலை கடை ஈயம் தம்பி. எண்டாலும் ஒரு மீன், ரெண்டு மீனை வைச்சு நான் ஒண்டும் சொல்லேல்லை. அதிர்ஷ்டமாயும் இருக்கலாம். இப்ப பாருங்கோ." வசந்தமலர் கரைக்கல்லில் படிந்திருந்த ஈரச் சேற்றில் விரலால் இரண்டு நேரங்களை எழுதினார். இரண்டு பத்து. மூன்று பத்து. "அடுத்த ஞாயிறுக்கு ஓரை கேளும், வாமதேவன். சாமி முதலாவதைச் சொல்லுவார். மீன் ரெண்டாவதிலை வரும். போனை எல்லாருக்கும் கேக்கப் போடும்."

மச்சானந்தரின் குரல் தூக்கம் கலையாமல் வந்தது. "பொறுங்கோ… சனியின்ரை பார்வையைப் பாக்கிறன்…" பார்வை புரளும் சத்தம் கேட்டது. கடதாசி புரளும் சத்தம் போலவே இருந்தது. "சந்திரன் நல்ல இடத்திலை நிக்கிறார்… பின்னேரம் ரெண்டு பத்திலையிருந்து."

எட்டுப் பேரும் சேற்றைப் பார்த்தார்கள். வசந்தமலர் போனை வாங்கினார்.

"சாமி, கோடைக்கு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினாங்களே, அந்த ஒரு மணித்தியாலத்தைக் கூட்டினனீங்களோ? கடல் பெருக்கு நேரம் போட்ட புத்தகத்தை நானும் வாங்கிப் பாத்தனான், அதிலை கூட்டாமல்தான் அச்சடிச்சிருக்கு."

அந்தப் பக்கம் கடதாசி மறுபடி புரண்டது. பிறகு, சுவாமி மறைந்து சிவானந்தன் வெளிவந்தார்.

"ஐயோ, அது நாங்களே கூட்ட வேணுமோ?"

தொடர்பு அறுந்தது.

ஆக, நவக்கிரகங்களும் தூண்டில் கடையில் கிடைக்கும் ஒரு மெல்லிய புத்தகத்துக்குள்தான் குடியிருந்தன. கடல் ஏறும் நேரம்தான் ஓரை. மாரியில் அது சரியாக இருந்தது. பங்குனிக் கடைசியில் கோடை நேரத்துக்காக நாட்டில் எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், சுவாமி மட்டும் தள்ளவில்லை. அவர் மறந்த ஒரு மணித்தியாலத்தின் பழி ஒரு விதவையின் தலையில் ஏறியது. அதை ஏற்றிவைக்க எட்டுப் பேர் கை கொடுத்தார்கள்.

வாமதேவன் தொப்பியைக் கழற்றினார். "அக்கா… நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஓம், கூடாது," என்றார் வசந்தமலர். ஆறுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை. வானின் கதவைத் திறந்து தன் சீற்றில் ஏறி இருந்தார்.

மற்றவர்களும் ஏறிக்கொண்டார்கள். சுபாஸ்கரன் இன்னும் யோசனையில் இருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"அப்ப அக்கா, சாமியை ஒரு மணித்தியாலம் கூட்டிச் சொல்லச் சொன்னால் எல்லாம் சரிதானே?"

வானுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் ஆமோதித்துத் தலையாட்டக்கூட ஆரம்பித்திருந்தார்கள்.

வசந்தமலர் அவருடைய வாளியைக் காட்டினார். "தம்பி, உதுக்குள்ளை கிடக்கிறதைப் பாரும். அந்த மீன் கூட எறிஞ்சதையெல்லாம் அப்பிடியே விழுங்காது. மணந்து பாத்துத்தான் வாய் வைக்கும்."