முன் சக்கரத்துக் குமிழ்கள் குறித்து மாப்பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஆண்டோ அவர்களுக்கு, பாப்பாரப்பட்டியிலிருந்து மாமனார் சின்னப்பராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தை மிக்கேலம்மாளும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகம். தாங்களும் என் மகள் அருள்ராணியும் பேத்தி ஜெனிஷாவும், முழங்கால் உட்பட, சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

கடிதம் வீட்டுக்கு வராமல் பெங்களூர் ஆபீசுக்கு வந்திருப்பதைப் பார்த்துத் தாங்கள் பதற வேண்டாம். போனிலேயே பேசலாம்தான். ஆனால் நான் கூப்பிட்டால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், அருள்ராணி குறுக்கே புகுந்து "எங்கயாச்சும் வுழுந்தீங்களாப்பா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். நல்லம்பள்ளி வளைவில் ஒரே ஒரு தடவை சறுக்கியதற்கு என் மொபெட்டை விற்க வைத்தவள் அவள். "இன்னொருக்கா வுழுந்தீங்கன்னா சைக்கிளும் கெடையாது, வூட்டோட இருங்க" என்று சட்டமும் போட்டிருக்கிறாள். முப்பத்தோரு வருஷம் தர்மபுரிக்கும் அரூருக்கும் திருவண்ணாமலைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்த கண்டக்டரை வீட்டோடு இரு என்றால் அவன் எப்படி இருப்பான், சொல்லுங்கள். தினமும் காலையில் யார் துணையும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு டீ குடித்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று பார்த்துவிட்டு வருவது ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதுவும் கைவிட்டுப் போய்விடும் போல இருக்கிறது. காரணம் தாங்கள் கொடுத்த சைக்கிள்.

சைக்கிளைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. தங்கமான சைக்கிள். "பழைய பிரேக்கைக் கழட்டிட்டு டிஸ்க் பிரேக் போட்டிருக்கேன் மாமா, கை வச்சா நிக்கும்" என்றீர்கள். நிற்கிறது. ஆனால் பிரேக்கைக் கழற்றிய தாங்கள் அது மாட்டியிருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டீர்களே! முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்கில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, ரெண்டு இரும்புக் குமிழ் சும்மா முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. எதற்கும் உதவாது. பஸ்ஸில் சீட்டை எடுத்துவிட்டு போல்ட்டை மட்டும் நான் விட்டுவைத்திருந்தால் பயணிகள் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?

நடந்ததைக் கேளுங்கள். சந்தை நாளன்று கூட்டத்தில் மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். பெரியம்மாள் என்று ஒரு அம்மா தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டு, கத்தரிக்காய் வாங்கிய ஒயர் கூடையைப் பக்கத்து மேடையில் வைத்திருக்கிறார், அதன் காது வலது குமிழில் மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை, நான் பாட்டுக்குக் கூட்டம் தாண்டி ஏறி மிதித்துவிட்டேன், பின்னால் "கூடையத் தூக்கிட்டுப் போறான், புடிங்க புடிங்க" என்று ஒரே சத்தம், எவனோ கூடைத் திருடன் வருகிறான் போலிருக்கிறது, நமக்கென்ன வம்பு என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இன்னும் வேகமாக மிதிக்கிறேன். என்னைப் பிடித்த நாலு பேரில் மூன்று பேர் என் பஸ்ஸில் போனவர்கள். "அட, நம்ம கண்டக்டரு! ஏனுங்க, பென்சன் வாங்கற மனுசனுக்குக் கத்தரிக்கா வாங்கித் திங்க முடியாதுங்களா?" என்று ஒருவன் கேட்டான் மாப்பிள்ளை. அந்த இடத்திலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அடுத்து இடது குமிழ். அந்தோணியார் கோயில் வாசலில் இறங்குகிறேன், காற்று தூக்கி வேட்டி நுனி அதில் போய்ச் சிக்க, சைக்கிள் சரிய, வேட்டி சைக்கிளோடு போக, நான் டிராயரோடு முழங்கால் தேயக் கீழே கிடக்கிறேன். பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். உங்கள் அத்தையிடம் மட்டும், முழந்தாளிட்டு ஜெபித்ததில் தேய்ந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். என் பக்தி எவ்வளவு என்று தெரிந்தவள், மருந்து மட்டும் போட்டுவிட்டாள். குமிழுக்குத் துணி சுற்றினேன், அவிழ்ந்து சக்கரத்தில் சுற்றியது. ஜெனிஷா விட்டுப்போன பந்தை ரெண்டாக வெட்டி ஆளுக்குப் பாதியாக மாட்டினேன், தெருவில் இருக்கிற நாய் எல்லாம் அதைப் பிடுங்க என் பின்னாலேயே வருகிறது.

சரி, அறுத்து எறிந்துவிடலாம் என்று சைக்கிள் கடை அர்ச்சுனனிடம் போனேன். குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "அறுக்கலாமுங்க. ஆனா போர்க்குல கீறல் வுழுந்து நாளைக்கு ஒடைஞ்சுதுன்னா உங்க மாப்ளைக்கு யாருங்க பதில் சொல்றது? அவுரு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். அங்கிருந்து கிரில் பட்டறை தர்மனிடம் போனேன். "இது ஒரு வேலைங்களா, ஒரு நிமிசம்" என்று அறுக்கிற மிஷினைப் போட்டுக் குமிழுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறான், உங்கள் அத்தை எங்கிருந்துதான் வந்தாளோ, "அய்யய்யோ, மந்திரிச்ச வண்டிங்க அது! அதுல மிசின வெப்பீங்களா?" என்று கத்துகிறாள். சைக்கிள் வந்த அன்று பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தது உண்மை. மாலை போட இடமில்லாமல் அந்தக் குமிழ்களிலேயே மாட்டியதும் உண்மை. தர்மன் கருப்பனுக்குக் கிடா வெட்டுகிறவன், இருந்தும் மிஷினைப் படக்கென்று நிறுத்திவிட்டான். "எந்தச் சாமியா இருந்தாலும் சாமி குத்தம் நமக்கு வேண்டாமுங்க" என்றான்.

சாமியாரிடமே போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் சைக்கிளத்தானே மந்திரிச்சேன், குமிழத் தனியா மந்திரிக்கலீங்களே. எடுத்தாப் பாவமில்ல. ஆனா மாப்ள குடுத்த பொருளு, அவரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்கிறார். எங்கே போனாலும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை! என் காலடியில் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்பை எடுக்க பெங்களூரிலிருந்து உத்தரவு வர வேண்டியிருக்கிறது!

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். விஷயம் இதுதான். இன்னும் ரெண்டு வாரத்தில் கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு வரப் போகிறீர்கள். அருள்ராணி என் முழங்காலைப் பார்ப்பாள், சைக்கிளைப் பார்ப்பாள், அத்தோடு என் கதை முடிந்தது. அதற்குள் குமிழ் போயாக வேண்டும். ஆகையால், "மேற்படி குமிழ்கள் இரண்டையும் அறுத்து அகற்ற எனக்கு முழுச் சம்மதம்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மூன்று பிரதி அனுப்பி வையுங்கள். ஒன்று அர்ச்சுனனுக்கு, ஒன்று தர்மனுக்கு, ஒன்று உங்கள் அத்தைக்கு.

அந்தோணியார் தங்கள் வேலைக்கும் வண்டிக்கும் வழித்துணையாக இருக்கட்டும். ஜெனிஷாவுக்கு என் முத்தம், பந்து விஷயத்தை அவளிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மீது இன்னமும் மிகுந்த மரியாதையுள்ள மாமனார்,
சின்னப்பராஜ்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து, கவர் வாங்கத் தபாலாபீசுக்கு நொண்டி நொண்டி நடந்து போய் வந்தேன். வந்து பார்த்தால் உங்கள் அத்தையின் தையல் மிஷின் மேல் ரெண்டு குமிழும் ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன. சைக்கிளைக் காணோம். திருடன் குமிழைக் கழற்றி வைத்துவிட்டா போவான் என்று நான் குழம்பிக்கொண்டு நிற்கையில் தெருமுனையில் மணிச் சத்தம். உங்கள் அத்தை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு சைக்கிளில் வருகிறாள். தள்ளிக்கொண்டு இல்லை மாப்பிள்ளை, ஓட்டிக்கொண்டு.

"குமிழு அடியில ரெண்டு பக்கமும் தட்டையா இருக்குது, ஸ்பேனர் புடிக்கத்தானே அப்பிடி உட்டிருக்கான்? தையல் மிசினுக்கு வெச்சிருக்கற ஸ்பேனரப் போட்டுத் திருகுனேன், வந்துருச்சு. இத்தன ஆம்பளைங்க அறுக்கறதுக்கு அலைஞ்சீங்களே, ஒருத்தராச்சும் திருகிப் பாத்தீங்களா?" என்றாள். அது கிடக்கட்டும், உனக்கு எப்படி சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு வருஷம் பிறந்த வீட்டிலிருந்து அரூருக்குத் தையல் கிளாசுக்கு தினமும் சைக்கிளில்தான் போனாளாம். முப்பத்தாறு வருஷமாக என்னிடம் இதைச் சொல்லவே இல்லையே என்றேன்.

"நீங்க எப்பங்க கேட்டீங்க? வூட்ல இருந்ததே ஒரு சைக்கிளு. அதுலயும் விடிஞ்சா நீங்க ஏறிப் போயிட்டீங்க" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நாளையிலிருந்து பூசைக்கும் சந்தைக்கும் அவள்தான் ஓட்டிப் போகிறாளாம். நான் விழுந்தது அன்றைக்கே தெரியுமாம், அருள்ராணியிடம் சொல்ல மாட்டாளாம், ஆனால் ஹேண்டில்பாரை இனித் தர மாட்டாளாம். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், என்னைவிட நேராக ஓட்டுகிறாள்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. சம்மதக் கடிதம் வேண்டாம். பின் சக்கரத்துக்கு மேலே மாட்டுகிற கேரியர் ஒன்று வாங்கி அனுப்புங்கள். எழுபத்தெட்டு கிலோ தாங்க வேண்டும்.