பெரிசுக்குத் திருப்தி இல்லை

அந்த இணையப் பக்கத்தில் டேப்கள் நான்கா ஐந்தா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. அந்த வாரம் எங்கள் புரோகிராமருக்கு அடுத்த நாற்காலியில்தான் இருந்தேன். பார்க்காததை அவனே பின்னால் சொன்னான், அதுவும் பாதிப்பாதியாக. சில இடங்களில் நான் தவறாகச் சொல்லக்கூடும்.

"பெரிசு மறுபடியும் எழுதிட்டாரு," என்றார் மேனேஜர் அவனிடம். அது செவ்வாய்க்கிழமை.

குடிநீர் அலுவலகத்துக்காக அவன் கட்டிய இணையப் பக்கம் அது. விவரம், பயன்பாடு, புகார், பதில் என்று மேலே வரிசையாக டேப்கள். ஒன்றைத் தொட்டால் அதன் பகுதி மட்டும் தெரியும், மற்றவை ஒளிந்துகொள்ளும். ஊரே பயன்படுத்திய அந்தப் பக்கத்தைப் பற்றி ஓயாமல் குறை சொன்னது ஒரே ஒரு குடிநீர் இணைப்பு எண்தான். வேலைவெட்டி இல்லாத ரிட்டயர்டு ஆசாமி என்று நாங்களே முடிவுகட்டி, பெரிசு என்று பேர் வைத்திருந்தோம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவரு 'திருப்தி' பட்டனை அழுத்தணும். இல்லேன்னா இந்த வேலை வேற கம்பெனிக்குப் போயிடும். உனக்கும் இங்க வேலை இருக்காது."

அவன் புகாரைப் படித்தான்.

'பாதி எழுதிவிட்டு வேறு டேபைப் பார்த்துத் திரும்பினால், எழுதியது காணவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.'

மூடிய டேபில் எழுதியதை அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கும்படி மாற்றினான். ஒரு மணி நேரத்துக்குள் பதிலும் போட்டான்: 'தாங்கள் சொல்வது முற்றிலும் சரி. தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறேன்.'

"பொண்டாட்டிகிட்ட இப்படிப் பேசிருக்கியா?" என்றேன்.

"அவ எங்க என்கிட்ட குறை சொல்றா? அந்த விஷயத்துல நான் கொடுத்து வச்சவன்."

அன்று வீட்டில் அவன் மனைவி தட்டை வைத்துவிட்டு, "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"முகம் ஒரு மாதிரி இருக்கே."

"அதான் ஒண்ணுமில்லேன்னேனே."

புதன்கிழமை அடுத்த புகார். 'தப்பு, தப்பு என்கிறது. எங்கே தப்பு என்று சொல்வதில்லை.'

நிரப்பாமல் விட்ட கட்டம் மறைந்திருந்த டேபில் இருந்தது. தப்பு இருக்கும் டேபுக்குத் தானாகவே தாவும்படி பக்கத்தை மாற்றினான்.

வியாழன் காலை, 'ஒரு எழுத்து எழுதுவதற்குள் வேறெங்கோ போய்விடுகிறது. கொஞ்சம் நின்று கேட்கக் கூடாதா?'

ஒவ்வொரு எழுத்துக்கும் தப்பைத் தேடி, ஒவ்வொரு எழுத்துக்கும் தாவிக்கொண்டிருந்தது பக்கம். அவசரத்தில் தாவலை நிறுத்தப் போனவன் எல்லா டேபையும் சேர்த்து நிறுத்திவிட்டான். எதைத் தொட்டாலும் எதுவும் திறக்கவில்லை. முதன்முறையாக ஊரே புகார் சொல்ல விரும்பியது. புகார் டேபும் திறக்கவில்லை.

"நேராப் போய்க் கால்ல விழு," என்றார் மேனேஜர்.

பெரிசின் விலாசம் கேட்டுக் குடிநீர் அலுவலகத்துக்குப் போனான். கவுண்டரில் இருந்த அம்மா நோட்டை நகர்த்தினார்.

"முதல்ல உங்க பேர், விலாசம் எழுதுங்க."

எழுதிவிட்டு இணைப்பு எண்ணைச் சொன்னான். பில் கட்டுவது, குழாய்க்காரரைக் கூப்பிடுவது எல்லாம் மனைவியின் பாடு. அந்த மாதிரி எண்களோடு அவனுக்குப் பழக்கமில்லை.

"பாவம்மா, வயசானவரு. ஒரு தடவை நேர்ல பேசிட்டா சமாதானமாயிடுவாரு."

கவுண்டர் அம்மா திரையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"நேர்ல பேச இவ்வளவு தூரம் எதுக்கு சார் வந்தீங்க? இது உங்க வீடு."

அதை எப்படி ஆரம்பிப்பது என்று அன்று வீட்டில் யோசித்தான். வெள்ளிக்கிழமை முடிந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தான். பட்டனை யாரும் அழுத்தவில்லை. வேலை வேறு கம்பெனிக்குப் போனது. மேனேஜரும் நானும் அதன் பின்னாலேயே அந்தக் கம்பெனிக்குப் போனோம். அவனுக்கு ஏழு மாதம் கழித்து வேறிடத்தில் வேலை கிடைத்தது. அவன் மனைவி இப்போதும் அந்தப் பக்கத்தில் எழுதுகிறாள். பதில் போடுவது நான்.